அப்புத்தளையில் மணி அடிக்க: கிளைக் காரியாலயத்துக்கு இணையத் தொலைபேசி பொருத்துவோருக்கான தொடக்க விளக்கம்

வட்ஸ்அப்பில் பேசாத வீடு இன்று இலங்கை மலையகத்தில் அரிது. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தோட்டத்து லயத்து வாசலில் நின்று பேசும் தாயும் இணையத் தொலைபேசியைத்தான் கையில் வைத்திருக்கிறார். இணையத்தின் வழியாகக் குரல் போகும் என்று யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு கிளைக் காரியாலயத்தின் மேசைத் தொலைபேசிகளை அந்த வழியை நம்பி நடத்த இன்னும் பல வேண்டும். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் இலக்கம் ஓர் ஆளுக்கு உரியதாக இல்லாமல் காரியாலயத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனால் அடுத்தவர் எடுக்க வேண்டும். வந்த அழைப்பைத் தலைமைக் காரியாலயத்துக்கு மாற்றிவிட முடிய வேண்டும். அடைமழையிலும் கரண்ட் இல்லாத நேரத்திலும் மணி அடிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தலைமைக் காரியாலயம் கண்டியில். கிளை அப்புத்தளையில், ஐந்து பேர், ஐந்து தொலைபேசி. கண்டியின் 081 இலக்கத்துக்கு ஒருவர் அழைப்பு எடுக்கிறார். அங்கே இருப்பவர் 301 அழுத்தி மாற்றினால் அப்புத்தளையில் மணி அடிக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையில் அந்த அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. டேட்டா மட்டும் செலவாகிறது. எந்த இலக்கத்துக்கு எங்கே மணி அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கண்டியில் இருக்கும் ஒரு பெட்டி. அதன் பெயர் பிபிஎக்ஸ். சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளாகவும் அது இருக்கலாம். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய அஸ்டெரிஸ்க் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே படிவங்களும் பொத்தான்களுமாக மாற்றித் தரும் ஃப்ரீபிபிஎக்ஸ் புதியவர்களுக்கு வசதி. தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து மாத வாடகைக்கும் பிபிஎக்ஸ் எடுக்கலாம். எதை எடுத்தாலும் கிளையில் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தக் கட்டுரை அந்தக் கிளைப் பக்கத்தைப் பற்றியது.

விநாடிக்கு ஐம்பது பொதி

நாம் பேசும்போது தொலைபேசி நம் குரலை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பொதியாகிறது. விநாடிக்கு 50 பொதி போகும், 50 பொதி வரும். ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஒரு பொதிக்குள் குரல் 160 பைட். அதன் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு 40 பைட். மொத்தம் 200 பைட். பைட்டுக்கு 8 பிட், விநாடிக்கு 50 பொதி என்று பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 80 கிலோபிட். நெட்வேர்க் கேபிளில் போகும்போது சேரும் ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் 87. ஓர் அழைப்புக்கு, ஒரு திசைக்கு, 100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிழைக்காது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட்தான்.

அப்படியானால் பத்து மெகாபிட் லைன் இருந்தும் ஏன் குரல் உடைகிறது? பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு பார லொறி ஏறினால் பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்கு எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தும் பயனில்லை. குரல் பொதி அந்த முச்சக்கர வண்டி. யாரோ ஒருவர் மாத அறிக்கையின் படங்களை மேலேற்றத் தொடங்கினால், அதுதான் லொறி. குரல் பொதிகள் அதன் பின்னால் வரிசையில் நின்று, சில 30 மில்லிவிநாடியில், சில 400 மில்லிவிநாடியில் வந்து சேர்கின்றன. கேட்பவரின் தொலைபேசி கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். அதற்குப் பிறகு வந்த பொதியைத் தூக்கி எறிந்துவிடும், ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே கடந்துபோய்விட்டது.

ஒரு பொதி தொலைந்தால் காதுக்குத் தெரியாது. பக்கத்துத் துண்டை வைத்துத் தொலைபேசியே இடைவெளியை நிரப்பிவிடும். அடுத்தடுத்து ஐந்து தொலைந்தால் 100 மில்லிவிநாடி போய்விடும். தமிழில் அது கிட்டத்தட்ட ஓர் அசை. எழுநூறும் எண்ணூறும் தொடக்கத்தின் ஓர் அசையில்தான் வேறுபடுகின்றன. கொழுந்து நிறையையோ கடன் தவணையையோ தொலைபேசியில் சொல்லி எழுதிக்கொள்ளும் காரியாலயத்தில் அந்த ஓர் அசை கணக்கையே மாற்றிவிடும். குரல் உடைவதைச் சின்ன அசௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே பார்க்க வேண்டிய அளவுகள் மூன்று. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்லும் எல்லை அது. பொதிகள் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம் 30 மில்லிவிநாடிக்குள். தொலையும் பொதி நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே.

தொலைபேசி வாங்க முன் லைனை அளந்து பாருங்கள்

வேகச் சோதனைத் தளத்தில் பார்த்த எண்ணை நம்பித் தொலைபேசி வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. அந்தச் சோதனை சில விநாடி ஓடி, வேகத்தின் சராசரியைச் சொல்லும். குரலுக்குத் தேவைப்படுவது மிக மோசமான விநாடியின் நிலை.

கிளையில் ஒரு கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் இணையுங்கள், வைஃபை வேண்டாம். சின்னப் பொதி ஒன்றை அனுப்பி விடை வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைக் கண்டி ரவுட்டரின் இணைய முகவரிக்கு 500 முறை ஓடவிடுங்கள். விடையில் தொலைந்தது எத்தனை, குறைந்த நேரம் என்ன, கூடிய நேரம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிங் காட்டுவது போய்வரும் நேரம், ஆகவே 300 மில்லிவிநாடிதான் எல்லை. இதே சோதனையைக் காலை பத்து மணிக்கு ஒருமுறை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு வந்த பிறகு நாலு மணிக்கு ஒருமுறை, நல்ல மழையில் ஒருமுறை செய்யுங்கள். பிறகு எல்லாவற்றிலும் முக்கியமானது: யாராவது ஒருவர் 100 மெகாபைட் கோப்பை மேலேற்றிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. சும்மா இருக்கும்போது 40 காட்டிய லைன் அப்போது 600 காட்டினால் லொறியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அதற்கு மருந்து கூடிய வேகப் பக்கேஜ் அல்ல. வரிசையை ஒழுங்குபடுத்தும் ரவுட்டர் வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டர்கள், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் போன்றவற்றில் கேக் அல்லது எஃப்க்யூ-கோடல் என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. மேலேற்றும் வேகம் அளந்தபோது 4 மெகாபிட் என்றால், ரவுட்டரில் 3.5 மெகாபிட் என்று எல்லை போடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை இணைய நிறுவனத்தின் பெட்டிக்குள் உருவாகாமல் உங்கள் ரவுட்டருக்குள் உருவாகிறது. அங்கே எதை முதலில் விடுவது என்று நீங்கள் சொல்ல முடியும். தொலைபேசிகள் தம் குரல் பொதிகளின் மேல் 46 என்ற முன்னுரிமை இலக்கத்தை ஒட்டி அனுப்பும். அம்புலன்ஸின் சைரன் மாதிரி. ரவுட்டரில் அந்த 46க்கு வழிவிடச் சொல்லுங்கள். பொது இணையத்துக்குள் போன பிறகு அந்த இலக்கத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நெரிசல் பெரும்பாலும் உங்கள் வாசலில்தான் என்பதால் அது போதும்.

எந்த இணைப்பு

பைபர் கிடைக்கும் இடத்தில் பைபரை எடுங்கள், வேறு யோசனை வேண்டாம். பழைய செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் மட்டும் இருந்தால் மேலேற்றும் வேகம் ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாக இருக்கும். மேலே சொன்ன எல்லையைப் போட்டால் மூன்று நாலு பேர் பேசலாம். மழைக்காலத்தில் கம்பத்து இணைப்புகளில் நீர் இறங்கி லைன் அடிக்கடி விழுவதுதான் அதன் நோய். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. வேறு எதுவும் எட்டாத மேட்டுக்கு அது ஒரு வழி, ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் வைத்தால் விட்டுவிட்டு வரும்.

மலைச் சரிவில் பெரும்பாலான கிளைகளுக்கு 4ஜிதான் கதி. கைப்பேசியில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ரவுட்டரின் உள்பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் பலம்: மைனஸ் 90ஐவிட மேலே நல்லது, மைனஸ் 110ஐவிடக் கீழே போனால் குரலுக்கு உதவாது. எஸ்ஐஎன்ஆர் சிக்னலின் தெளிவு: 13க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் பலம் இருந்தும் பயனில்லை. குரலுக்குத் தெளிவுதான் பெரிது.

மூடுபனி சிக்னலை மறைக்கிறது என்று மலையகத்தில் பரவலாகச் சொல்வார்கள். 4ஜி அலைவரிசைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. மறைப்பது மலைமுகடு, அடுத்தது நனைந்த இலைகள். கொட்டும் மழையில் சேவை தடுமாறினால் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஓடும் மைக்ரோவேவ் இணைப்பு காரணமாக இருக்கலாம். உயர் அலைவரிசையில் ஓடும் அதைக் கடும் மழை பலவீனப்படுத்தும். அல்லது கோபுரத்தில் கரண்ட் போய் அதன் பெட்டரி இறங்கியிருக்கும். இரண்டையும் உங்கள் கூரையில் எதைப் பொருத்தியும் திருத்த முடியாது. வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம் ஒன்றுதான் வழி.

கூரையில் அன்டெனா வைத்து, நீண்ட கோஎக்ஸ் கேபிளால் கீழே ரவுட்டருக்குக் கொண்டுவருவது வழக்கம். பத்து மீற்றர் மெல்லிய கேபிளிலேயே அன்டெனா சேர்த்துத் தந்ததில் பெரும்பகுதி கரைந்துவிடும். வெளிச்சுவரில் பொருத்தும் 4ஜி பெட்டியை வாங்கி, அதிலிருந்து நெட்வேர்க் கேபிளைக் கீழே இறக்குவது மேல். நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை எதையும் இழக்காது. பெட்டியைப் பத்துப் பத்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் நிறுத்தி எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் கோபுரம்தான் நல்ல கோபுரம் என்று இல்லை; அது பக்கத்து நகரத்தின் நெரிசலைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

டேட்டாவையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஜி.711இல் இரு திசையும் சேர்த்து நிமிடத்துக்கு 1.2 மெகாபைட், மணித்தியாலத்துக்கு 72 மெகாபைட். கிளை முழுவதும் நாளுக்கு மூன்று மணித்தியாலம், மாதம் 22 நாள் பேசினால் ஐந்து ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பக்கேஜில் இரவு நேர டேட்டா என்று தனியாகத் தருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முகவரி இல்லாத வீடும் ஒருபக்கக் குரலும்

மணி அடிக்கும், எடுத்தால் ஒருவர் பேசுவது மட்டும் கேட்கும். இணையத் தொலைபேசியில் அதிகம் தலைவலி தரும் கோளாறு இது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்டத்து ஒஃபிஸ் வரை வந்து அங்கேயே தங்கிவிடுவது நமக்குப் பழக்கமான துன்பம். உங்கள் தொலைபேசியின் நிலையும் அதுதான். அதன் முகவரி 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி. ரவுட்டருக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது. வெளியுலகத்துக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி மட்டும்.

அழைப்பைத் தொடங்கும் மொழிக்கு எஸ்ஐபி என்று பெயர். 5060ஆம் வாசலில் பேசும். "உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று அது கண்டிக்குச் சொல்லும்போது 192.168 முகவரியைச் சொல்லிவிட்டால், கண்டியின் குரல் எங்கேயோ போய்த் தொலையும். அப்புத்தளையில் மௌனம். கண்டியில் மட்டும் கேட்கும். 4ஜியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பது வழக்கம். ஒஃபிஸுக்குப் பின்னால் இன்னொரு ஒஃபிஸ்.

முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள். முகவரியைத் திருத்தி உதவ வந்த வசதி அது. பெரும்பாலும் அரைகுறையாகத் திருத்திக் கெடுக்கும். பிறகு கண்டி ரவுட்டருக்கும் கிளை ரவுட்டருக்கும் இடையே ஒரு விபிஎன் போடுங்கள், அதாவது இணையத்துக்குள் உங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சுரங்கப்பாதை. வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் எளிது. கண்டிக்கு நிலையான பொது முகவரி இருந்தால் போதும், கிளைக்குத் தேவையில்லை. கிளைதான் கண்டியைக் கூப்பிடும். விபிஎன்னுக்குள் இரண்டு காரியாலயமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகிவிடும், முகவரிக் குழப்பமே எழாது. கண்டியில் 192.168.10, அப்புத்தளையில் 192.168.20 என்று வேறுவேறு தொடர் இருப்பது முக்கியம். இரண்டு பக்கமும் கடையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்று இருந்தால் விபிஎன் வேலை செய்யாது.

விபிஎன்னுக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொரு பொதிக்கும் 60 பைட் கூடுதல் உறை. ஜி.711 அழைப்பு 80 கிலோபிட்டிலிருந்து ஏறக்குறைய 107க்குப் போகும்; மேலே போட்ட 100 கிலோபிட் கணக்கையும் டேட்டாக் கணக்கையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். சிக்கனம் என்று பலர் தெரிவு செய்யும் ஜி.729 என்ற குரல் முறை, 24இலிருந்து ஏறக்குறைய 50க்குப் போகும். ஜி.711இன் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த அதன் செலவு, இரட்டிப்பான பின் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. குரலோ மெலிந்தே இருக்கும். லைன் தாங்குமானால் ஜி.711ஐயே வையுங்கள்.

விபிஎன் இல்லாமல் பிபிஎக்ஸைத் திறந்த இணையத்தில் விட்டால், திருடர்கள் தேடி வர ஒரு நாள்கூட ஆகாது. 301 என்ற இலக்கத்துக்கு 301 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால், நள்ளிரவில் யாரோ உங்கள் லைனில் வெளிநாட்டுக் கட்டண இலக்கங்களுக்கு மணிக்கணக்கில் எடுப்பார்கள். பில் உங்களுக்கு வரும். கடவுச்சொல் 16 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 00 என்று தொடங்கும் அழைப்புகளைத் தேவைப்படும் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் மூடிவிடுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

ஐந்து மேசைத் தொலைபேசி, பிஓஇ உள்ள எட்டு வாசல் நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று, ரவுட்டர், யூபிஎஸ், எல்லாவற்றையும் வைக்க ஒரு சுவர்ப்பெட்டி. பிஓஇ என்றால் நெட்வேர்க் கேபிள் வழியாகவே தொலைபேசிக்கு மின்சாரமும் போவது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற தரத்தில் ஒரு வாசலுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும். சாதாரண மேசைத் தொலைபேசிக்கு நாலைந்து வாட் போதும். இதில் பெரிய நன்மை, மேசை மேசையாகச் சின்ன அடப்டர்கள் தொங்காமல் சுவிட்ச் ஒன்றுக்கு யூபிஎஸ் கொடுத்தாலே ஐந்து தொலைபேசியும் உயிரோடு இருக்கும் என்பது. உபகரணங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றவையா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேபிளில் ஏமாற இடம் உண்டு. செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைச் செப்புக் கம்பி என்றே விற்கிறார்கள். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அலுமினியம் மின்சாரத்தைச் செப்பளவுக்குக் கடத்தாது. ஈரம் பிடித்தால் முனையில் பொரிந்து, ஆறு மாதம் கழித்துத் தொலைபேசி தானாக அணைந்து எழும்பத் தொடங்கும். முனை பொருத்தும் நிற வரிசை: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். இரண்டு முனையிலும் இதே வரிசை.

வெளியிலிருந்து வரும் கேபிள் சுவருக்குள் நுழைய முன் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலேறி உள்ளே போகட்டும். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே ஓடி வரும். வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிட்டால் சுவருக்குள் வராது. வளைவு இல்லாவிட்டால் நேரே சுவிட்சின் வாசலுக்குள்தான் இறங்கும். பெட்டியைச் சமையலறைச் சுவரிலோ, காலையில் வேர்க்கும் வெளிச்சுவரிலோ மாட்ட வேண்டாம். எறும்பு புகாமல் கேபிள் துளைகளை அடைத்துவிடுங்கள். சூடான இடம் தேடி வந்து கூடு வைக்கும்.

கரண்ட் கணக்கு இது: ரவுட்டர் 10 வாட், பைபர் பெட்டி அல்லது 4ஜி பெட்டி 8, சுவிட்ச் 8, தொலைபேசிகள் 20. மொத்தம் 50 வாட்டுக்குக் கிட்ட. கடையில் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பெட்டரி ஒன்று. காகிதத்தில் 84 வாட்-மணி. இழப்பெல்லாம் போக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடும். இரண்டு வருடம் பழகிய பெட்டரியில் அதுவும் இருக்காது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாலு மணித்தியாலமாவது வேண்டும் என்றால் 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பெட்டரி, அல்லது அதில் பாதியளவு லிதியம் அயன் பொஸ்பேட் பெட்டரி தேவை. யூபிஎஸ்ஸில் கணினியைச் சொருகிவிட்டுப் பைபர் பெட்டியைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். பைபர் பெட்டி அணைந்தால் மற்றதெல்லாம் எரிந்தும் பயனில்லை.

இடி மின்னல் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் உச்சம். செப்புத் தொலைபேசிக் கம்பி மின்னலை நேரே உள்ளே கொண்டுவரும் வழி. அது இருந்தால் நுழையும் இடத்தில் நிலத்தோடு இணைத்த மின்னெழுச்சித் தடுப்பான் கட்டாயம். காரியாலயத்துக்கும் முற்றத்துக்கு அப்பால் உள்ள களஞ்சியத்துக்கும் இடையே செப்பு நெட்வேர்க் கேபிள் இழுக்காதீர்கள். இரண்டு கட்டடத்தின் நிலத்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் அதன் வழியே பாய்ந்து இரண்டு பக்கத்துச் சுவிட்சையும் எரிக்கும். அங்கே பைபர் போடுங்கள்.

இலக்கங்களும் அவசர அழைப்பும்

உள் இலக்கங்களை 1இல் தொடங்க வேண்டாம். கண்டிக்கு 2, அப்புத்தளைக்கு 3 என்று தொடங்கும் மூன்று இலக்க எண்கள் போதும். 1ஐக் காலியாக விடுவதற்குக் காரணம் பொலிஸ் 119, தீயணைப்பு 110, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. ஒருவரின் உள் இலக்கம் 119 ஆகிவிட்டால் அவசரத்தில் எடுத்த அழைப்பு கணக்காளரின் மேசையில் அடிக்கும்.

அதைவிட ஆபத்தான பிழை ஒன்று உண்டு. வெளி அழைப்புக்கு "0இல் தொடங்கும் பத்து இலக்கம்" என்று மட்டும் விதி எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள். நாளாந்த வேலைக்கு எல்லாம் சரியாக இருக்கும். 119 அழுத்தும் நாளில்தான் தொலைபேசி மறுக்கும். மூன்று அவசர இலக்கங்களையும் தனி விதியாக எழுதுங்கள். கிளையிலிருந்து போகும் அழைப்பு கண்டியின் 081 லைனில் வெளியேறுவதால், கிளையில் உள்ளவர்கள் முதல் வார்த்தையாக ஊரையும் பாதையையும் சொல்லப் பழக வேண்டும். இணையம் விழுந்தால் இந்த வழியும் அடைபடும். ஆகவே கிளையில் இருக்கும் பழைய 057 லைனை வெட்டிவிடாதீர்கள். எச்டி813 போன்ற ஒரு சின்ன அடப்டர் அந்த லைனையும் பிபிஎக்ஸில் சேர்த்துவிடும். ஆனால் பிபிஎக்ஸ் கண்டியில் இருப்பதால், இணையம் விழும் நேரத்துக்கு ஒரு சாதாரணத் தொலைபேசியை அந்த லைனில் நேரே மாட்டி வையுங்கள்.

தொலைபேசி ஒவ்வொன்றிலும் நிரப்ப வேண்டியவை அதிகமில்லை: பிபிஎக்ஸின் முகவரி, உள் இலக்கம், கடவுச்சொல், ஜி.711 முதலில், நேர வலயம் 5:30 கூட்டல், "நான் இருக்கிறேன்" என்று பிபிஎக்ஸுக்குச் சொல்லும் உயிர்த்துடிப்புச் செய்தி 20 விநாடிக்கு ஒருமுறை. எண் பொத்தான்களின் ஒலிக்கு ஆர்எஃப்சி 2833 என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வங்கியின் "1 ஐ அழுத்தவும்" உங்கள் அழுத்தத்தைக் கேட்காமல் போகலாம். தொலைபேசியின் உள்பக்கத்துக்கு வரும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கிளை இணைப்பிலிருந்து விழுந்தால் 301க்கு வரும் அழைப்பு முகாமையாளரின் கைப்பேசிக்குப் போகும்படி கண்டியில் ஒரு விதி எழுதிவிடுங்கள்.

கோளாறு பேசும் மொழி

அழைப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 32 விநாடியில் அறுந்தால் குரல் வழியில் பிழை இல்லை. "அழைப்பை எடுத்தாயிற்று" என்ற செய்திக்கு வர வேண்டிய ஒப்புதல் வந்து சேரவில்லை. எஸ்ஐபி அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். ஏஎல்ஜியையும் முகவரி அமைப்பையும் பாருங்கள். சரியாகப் பதினைந்து நிமிடத்தில் அறுந்தால் நடுவில் அனுப்பும் புதுப்பிப்புச் செய்தியை ஏதோ ஒரு ரவுட்டர் விழுங்குகிறது.

வெளியே எடுக்க முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் சில நேரம் வரவில்லை என்றால், சும்மா இருக்கும் தொலைபேசியை ரவுட்டர் மறந்துவிடுகிறது. அந்த 20 விநாடி உயிர்த்துடிப்பு அதற்காகத்தான். இலக்கம் அழுத்திய பின் நாலு விநாடி மௌனம் என்றால், இன்னும் அழுத்துவீர்களா என்று தொலைபேசி காத்திருக்கிறது. 0க்குப் பிறகு ஒன்பது இலக்கம் வந்ததும் அனுப்பு என்று அதன் விதியில் எழுதுங்கள். மாலையில் மட்டும் குரல் உடைந்தால் கோபுர நெரிசல். யாரோ கோப்பு அனுப்பும்போது மட்டும் உடைந்தால் வரிசை எல்லையைக் குறையுங்கள். ஒரே ஒரு தொலைபேசியில் மட்டும் உடைந்தால் கேபிளின் முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். மென்பொருளைத் தொட வேண்டாம்.

பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள், ஈரம் பிடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள். எந்த வாசலில் எந்த மேசை, இணைய நிறுவனத்தின் முறைப்பாட்டு இலக்கம், நமது கணக்கு இலக்கம், யூபிஎஸ் பெட்டரி மாற்றிய திகதி. அதற்குக் கீழே, தமிழிலும் சிங்களத்திலும், எல்லாம் நின்றுபோனால் செய்ய வேண்டிய வரிசை: எல்லாவற்றையும் அணைக்கவும். முதலில் பைபர் பெட்டியைப் போடவும், பச்சை விளக்கு நிலைக்கும் வரை இரண்டு நிமிடம் நிற்கவும். பிறகு ரவுட்டர், இன்னும் இரண்டு நிமிடம். கடைசியாகச் சுவிட்ச். தொலைபேசித் திரையில் 301 தெரிந்தால் கண்டிக்கு 201 அழுத்தவும்.